பொழுது யார் கையில்

நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பகல் ஒரு மணி தாண்டினால் ஆண்கள் வீடு திரும்பத் தொடங்கிவிடுவார்கள். கவ்வாத்துக்குப் போனவர், முள்ளுக் குத்தப் போனவர், மருந்தடிக்கப் போனவர் எல்லோருக்கும் காலையில் அளந்து கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. அது முடிந்ததா, அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு, விழுந்துவிட்டது. கை விரைவாக ஓடுபவர் அதற்கும் முன்னமே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். மிச்சப் பொழுது அவருடையது. லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டிருந்தால் அதைப் பார்ப்பார், டவுனில் லொறிக்கு மூட்டை ஏற்றப் போவார், அலுப்பாக இருந்தால் படுத்துக் கிடப்பார். ஏன் என்று கேட்பவர் இல்லை.

அந்த நேரத்தில் பெண்கள் மலையில் நிற்கிறார்கள். பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்து, அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டு, மறுபடி நிரை பிடித்திருப்பார்கள். அந்திக் கொழுந்து நிறுத்து முடிய நாலரை, ஐந்து ஆகிவிடும். பதினாறு கிலோ, பதினெட்டு கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவை ஒருத்தி இரண்டு மணிக்கே எட்டிவிட்டாலும் அவள் இறங்க முடியாது. மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டு, பொழுது கிடையாது. அளவு குறைந்தால் மட்டும் அரைப்பேர் தயாராக இருக்கிறது. 1984-இல் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆணுக்கும் நாட்சம்பளம் ஒன்றாக்கப்பட்டது. பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சம்பளத்துக்கு அவள் அவனைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கிறாள் என்பது எந்த ஒப்பந்தத்திலும் பேசப்படவில்லை.

வேலை நேரத்தைத் தொழிலாளியே தன் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். 1967-இல் மேற்கு ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் பக்கத்தில் ஒரு விமானக் கம்பனி, காலையில் இந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வா, மாலையில் கணக்குப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் போ என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. வீட்டிலிருந்து வேலை, கிழமையில் நான்கு நாள் வேலை என்று இன்று நாம் கேள்விப்படுவதெல்லாம் அதே எண்ணத்தின் வேறு வடிவங்கள். இவை கண்ணாடி அலுவலகங்களின் சமாச்சாரம், தோட்டத்துக்கு என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொழும்பில் மேசை வேலை வீடுகளுக்குப் போனது. தேயிலைக்கு விதிவிலக்குக் கிடைத்தது, தோட்டத்து வேலை நடந்தது. கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. அது சரி. ஆனால் எங்கே வேலை செய்வது என்பதைவிட எப்போது வேலை செய்வது என்பதே இங்கே பெரிய கேள்வி. அந்த வகையில் பார்த்தால் நெகிழ்வான நேரம் தோட்டத்துக்குப் புதிதே அல்ல. கணக்கு வேலை என்ற பெயரில் நெடுங்காலமாக இருக்கிறது, ஆணுக்கு மட்டும்.

பெண்ணின் நாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் இந்த மலைகளில் தை, மாசியில் விடியற்காலை புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். நாலரைக்கு அவள் அடுப்பு மூட்டுகிறாள். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிறாள். பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பலாம். அன்றைக்குப் பேர் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள் போதும், ஆனால் போவது முழுநாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்கு வைத்தால் அதற்கும் ஒரு பேர். அந்தக் கூட்டங்களில் மலையில் வேலை செய்யும் தாய்மார் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பிந்தி வரவும் ஒரு மணி நேரம் முந்திப் போகவும் அவளுக்கு உரிமை இருந்திருந்தால் அந்தக் கூடம் நிறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர், அமெரிக்காவிலும் சுவீடனிலும் திரட்டிய தரவுகளை வைத்து, மனிதரை எது சோரவைக்கிறது என்று பார்த்தார். வேலைப்பளு மட்டும் காரணமாக இல்லை. பளு அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருக்கும்போதுதான் களைப்பும் மனச்சோர்வும் கூடுகின்றன என்றார். முடிவெடுக்கும் இடத்தைக் கூட்டினால், வேலையைக் குறைக்காமலே சோர்வைக் குறைக்கலாம் என்பதும் அவர் சொன்னது. கொழுந்துக்காரியின் வேலையை அப்படியே எழுதிவைத்ததுபோல இருக்கிறது. எந்த மலை என்று கங்காணி சொல்வார், எந்த நிரை என்று அவரே சொல்வார், எவ்வளவு என்று தோட்டத் துரை சொல்வார், ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிவு என்று நிறுக்குமிடத்தில் சொல்வார்கள். எப்போது வீட்டுக்குப் போவது என்பதையும் சேர்த்தால், அந்த நாளில் அவளாக முடிவு செய்வது எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது என்பதை மட்டும்தான்.

தொழிலாளி சோர்ந்து வேலைக்கு வராமல் போவதில் நிர்வாகத்துக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆள் வருவதில்லை என்பது கம்பனிகளின் நிரந்தர முறைப்பாடு. 1992-இல் அரசு தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த பதிவுத் தொழிலாளர் தொகை, இன்று ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ஆளை வரவைக்க அவர்கள் எடுத்த வழி எப்போதும் ஒன்றுதான். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 450 ரூபாய், அதன் மேல் வரவுக்கு 140. மாத வேலைநாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வந்தால்தான் அந்த 140. 2016-இல் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. மொத்தம் 730 என்று பத்திரிகைகளில் வந்தது. மழைக்காலத்தில் கொழுந்து குறைந்த மாதத்தில் கைக்கு வந்தது எவ்வளவு என்பது லயத்துப் பெண்களுக்குத்தான் தெரியும். 2019-இல் வரவுக் கொடுப்பனவையும் உற்பத்திக் கொடுப்பனவையும் நீக்கி அடிப்படையை 700 ஆக்கினார்கள். 2021-இல் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் வந்தது, கூட்டு ஒப்பந்தம் போனது. 2024-இல் 1350. இப்போது 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550, அதோடு வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் தரும் 200. பதின்மூன்று ஆண்டுகள் சுற்றி, வரவுக்கான காசு வேறொரு கையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

அந்த இருநூறு ரூபாயை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரிசி விலை தெரிந்த எவரும் சொல்லமாட்டார்கள். சம்பளமே போதாத இடத்தில், காசு மனிதருக்கு ஊக்கம் தராது என்று பேசுவது கொடுமை. ஆனால் இத்தனை ஒப்பந்தங்களிலும் ஒரே எண்ணம் ஓடுகிறது. தொழிலாளி வராமல் இருப்பது அவருடைய விருப்பக் குறைவு, காசைக் காட்டினால் வருவார் என்பது அந்த எண்ணம். வராத நாளில் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

கந்தப்பளையில் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. டவுனிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் தேயிலைக்கும் மரக்கறிக்கும் இடையில் ஒரு கான்தான் எல்லை. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா. தோட்டத்தில் பேர் பதிந்த பெண்கள் அந்தக் கானைத் தாண்டிப் போய்க் கரட் பிடுங்குகிறார்கள், களை எடுக்கிறார்கள், கழுவிக் கட்டுகிறார்கள். அங்கே வெயிலும் அதே வெயில், முதுகு குனிவதும் அதே குனிவு. மருந்து வாடை தேயிலையைவிட மோசம். ஆனாலும் போகிறார்கள். அன்றைய காசு அன்றைக்கே கைக்கு வருகிறது என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை ஓர் அக்கா எனக்கு இப்படிச் சொன்னார்: “அங்க நா எட்டரைக்குப் போவேன். புள்ளய ஸ்கூல்ல விட்டுட்டு வாரேன்னா சரிம்பாங்க. ஒரு நாளைக்கு முடியலன்னா நாளைக்கு வாரேன்னு போன் பண்ணுவேன். பெரட்டுக்கு யாரு போன் பண்றது?”

மரக்கறித் தோட்ட முதலாளிகள் தொழிலாளர் நலனில் சிறந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சேமலாப நிதி இல்லை, பிரசவ விடுமுறை இல்லை, கைகால் அடிபட்டால் கேட்க ஆள் இல்லை. அதெல்லாம் அந்த அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஐம்பது வயதில் கிடைக்கப்போகும் பாதுகாப்பைவிட இன்றைக்குக் காலை ஒன்றரை மணி நேரம் அவருக்குப் பெரிதாக இருக்கிறது. அவருடைய கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற நிலையில் அவரை வைத்ததுதான் பிழை.

கொழுந்து காத்திருக்காது என்று துரைமார் சொல்வார்கள். உண்மை. ஒரு மலையில் பறித்துவிட்டு ஏழெட்டு நாளில், குளிர் கூடின காலத்தில் இன்னும் சில நாள் தாமதித்து, திரும்பி வந்தாக வேண்டும். பிந்தினால் இலை முத்திவிடும், இரண்டு இலையும் மொட்டும் கிடைக்காது, தூளின் தரம் போய்விடும். பறித்த கொழுந்தும் அன்றைக்கே வாட்டத்துக்குப் போக வேண்டும். கூடையில் அழுத்திக் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். மென்பொருள் எழுதுகிறவர் நள்ளிரவில் எழுதலாம், கொழுந்துக்காரி நள்ளிரவில் பறிக்க முடியாது. ஆனால் செடி கேட்பது ஏழெட்டு நாளில் ஒரு சுற்று. காலை ஏழு மணிக்குப் பெரட்டு வேண்டும் என்று எந்தச் செடியும் கேட்டதில்லை. மழைக்கால விடியலில் ஈரக் கொழுந்தைப் பறித்துக் கழிவு கொடுப்பதைவிட, இலை காய்ந்த பிறகு ஒன்பது மணிக்கு மலையேறுவது இரு தரப்புக்கும் லாபம். அளவை முடித்தவள் இறங்கலாம் என்று ஆணுக்குள்ள விதியையே பெண்ணுக்கும் வைத்தால் எந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிடாது. பெரட்டு நேரம் செடியின் தேவையால் வந்தது அல்ல, கூலிகளை ஒரே இடத்தில் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்த காலத்திலிருந்து வந்தது. மலையக எழுத்து சம்பளத்தையும் குடியுரிமையையும் லயத்தையும் நிறைய எழுதியிருக்கிறது. பொழுதைப் பற்றி நாம் குறைவாகவே எழுதினோம் என்பது என் எண்ணம்.

கம்பனிகள் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு மாற்று இருக்கிறது. வெளியாள் உற்பத்தி முறை, வருமானப் பங்கு முறை என்று பெயர்கள் பல. ஒரு குடும்பம் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு தேயிலையை ஒரு தொகுதியாகப் பிரித்து அந்தக் குடும்பத்திடம் விட்டுவிடுவது. புல் எடுப்பதும் பறிப்பதும் அவர்கள் பொறுப்பு. எப்போது பறிப்பது, யார் பறிப்பது என்பதும் அவர்கள் விருப்பம். உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு கொழுந்தைக் கிலோ கணக்கில் கம்பனி வாங்கும். சில இடங்களில் கிழமையில் சில நாள் பேருக்கு, மீதி நாள் தொகுதியில் என்று கலந்தும் நடக்கிறது. இப்படி வேலை செய்பவர்கள் கூடுதலாக உழைக்கிறார்கள், கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், செடியையும் நன்றாகப் பார்க்கிறார்கள் என்கின்றன கம்பனிகள்.

நான் இதை முழுக்க மறுக்கும் கூட்டத்தில் இல்லை. தொகுதியில் வேலை செய்யும் குடும்பங்களில் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. டவுனில் கடையில் நிற்கும் மகன் காலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு மலையேறுகிறான். ஓய்வு பெற்ற அப்பா புல் எடுக்கிறார். மகளுக்குப் பரீட்சை என்றால் அந்த நாளைத் தள்ளிப்போட முடிகிறது. கங்காணியின் குரல் முதுகுக்குப் பின்னால் இல்லை. இந்த நிம்மதியை அனுபவித்த ஒருத்தி மறுபடி பெரட்டில் நிற்க விரும்பமாட்டாள் என்பதும் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் இரண்டு விடயங்கள் உறுத்துகின்றன. முதலாவது சிறியது போலத் தோன்றும், நான் அதைச் சிறிதாக நினைக்கவில்லை. சீனாவில் ஷாங்காய் நகரில் ஒரு பயண முகவர் கம்பனி தன் தொலைபேசி ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவைத்தது. நிக்கலஸ் புளூமும் கூட்டாளிகளும் அதை ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். வேலைத்திறன் நூற்றுக்குப் பதின்மூன்று கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் சோதனை முடிந்து, இனி உன் விருப்பம் என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை. நம் நிரைக்கும் இது பொருந்தும். நிரை பிடித்து நிற்கும்போதுதான் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். யார் வீட்டில் அடிதடி, யாருக்குப் பிரசவம் நெருங்குகிறது, இந்த மாதம் யாருக்குச் சம்பளத்தில் பிழை விழுந்தது என்பதெல்லாம் அங்கேதான் ஓடும். கை தளர்ந்த மூத்தவளின் கூடையில் பக்கத்து நிரைக்காரி ஒரு பிடி போடுவாள். பெரட்டைப் பகிஷ்கரிப்போம் என்ற முடிவும் அந்த நிரைகளில்தான் பிறந்தது. மலையைத் துண்டு துண்டாக்கிக் குடும்பத்துக்கொன்றாகக் கொடுத்தால், இவர்கள் ஒருவருக்கொருவர் எதிரில் நின்று பேசும் இடம் எது? தொகுதி முறையைக் கேட்கும் தொழிற்சங்கங்களும் சரி, எதிர்க்கும் சங்கங்களும் சரி, இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, பேரைப் பற்றியது. பேர் விழுந்த நாளுக்கு முதலாளி சேமலாப நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து எட்டு. நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் மூன்று. வருடக் கணக்கில் பணிக்கொடை. கர்ப்பமானால் சம்பளத்தோடு விடுமுறை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடிபட்டும் சிறைபட்டும் நம் ஆட்கள் அந்தப் பேருக்குள் சேர்த்துவைத்தவை இவை. கிலோவுக்குக் காசு என்று வந்தவுடன் இவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஆயிரம் ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் பேருக்கு வேலை கொடுக்கும் நாட்களைக் குறைத்துக் கைக்காசுக்குப் பறிக்கச் சொன்னதை இங்கே எல்லோரும் பார்த்தோம். அதுவும் நெகிழ்வுதான், கம்பனிக்கு. மழை பெய்து கொழுந்து இல்லாமல் போனால் நட்டம் குடும்பத்துக்கு, கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தாலும் குடும்பத்துக்கு. வேலையின் நேரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலையின் ஆபத்து முழுவதையும் சேர்த்து அவள் முதுகில் ஏற்றுவதை எப்படி ஊக்குவிப்பு என்பது?

கம்பனிகள் உதாரணமாகக் காட்டுவது தெற்கை. நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் அவர்கள் தங்கள் பொழுதில் பறிக்கிறார்கள். கொழுந்து விலைக்குச் சட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு, விற்ற தூளின் விலையில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு. அந்த மனிதர் விடியற்காலையில் தானாக எழுந்து செடிக்குப் போகிறார் என்றால், தன் விருப்ப நேரத்தில் வேலை செய்வதால் மட்டும் அல்ல. நிலம் அவருடையது. வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், தேயிலை வேண்டாம் என்றால் மிளகு போடலாம். கந்தப்பளையில் தொகுதி எடுத்தவளுக்கு இவற்றில் எது உண்டு? லயம்கூடக் கம்பனியுடையது. வீட்டுக்கென்று ஏழு பேர்ச் காணி உறுதி கிடைப்பதற்கே நாம் எத்தனை ஆட்சிகளின் வாசலில் நின்றோம்.

எனவே கேட்க வேண்டியதை முழுதாகவே கேட்போம். அளவு முடித்த பெண் இறங்கட்டும், இதற்கு எந்தப் புதிய முறையும் தேவையில்லை, நாளைக் காலையே ஒரு துரை இதைத் தன் தோட்டத்தில் சொல்லிவிடலாம். கிழமையில் சில மணி நேரம் பேர் வெட்டாமல் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர விடட்டும். தொகுதி கொடுப்பதென்றால் சிறுதோட்டக்காரருக்கு உள்ள அதே 68 பங்கு கிடைக்கட்டும், சேமலாப நிதி தொடரட்டும். தொகுதிப் பத்திரம் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் அல்லாமல், பறிக்கிறவளின் பெயரில் இருக்கட்டும். அவள் உழைத்து அவன் சம்பளம் வாங்கிய காலம் ஒன்று தோட்டத்தில் இருந்தது, அது பின்வாசலால் திரும்பக் கூடாது.

பத்திரம் என்றதும் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது. இந்த மலைகள் கம்பனிகளுக்கும் சொந்தமில்லை. அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவை, குத்தகை 2045-இல் முடிகிறது. இன்று முப்பது வயதில் ஒருத்தி ஒரு தொகுதியை ஏற்றால், அவளுக்கு ஐம்பது ஆவதற்குள் அதைக் கொடுத்தவரின் உரிமையே முடிந்துபோகும். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டால் பறிப்புக்கு வரச் சில ஆண்டுகள் வேண்டும், அதன் பிறகு அந்தச் செடி அவள் பேரப்பிள்ளைகள் காலம்வரை கொழுந்து தரும். அந்தக் கன்றை நடும் உழைப்பை அவளிடம் கேட்பவர்கள், 2045-க்குப் பிறகு அந்த நிலத்தில் அவளுக்கு என்ன இடம் என்பதை இப்போதே எழுத்தில் வைக்க வேண்டும். குத்தகையைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு கொழும்பில் தொடங்கும்போது, மேசையின் இந்தப் பக்கத்தில் கம்பனியும் அந்தப் பக்கத்தில் அமைச்சும் மட்டுமே இருக்க நாம் விடக் கூடாது.